படி, ஆனால் இங்கே படிக்காதே

அமெரிக்காவில் பதிவுபெற்ற நர்ஸ் ஆக ஒரே தேர்வுதான். பெயர் என்கிளெக்ஸ். கம்யூனிட்டி காலேஜில் 'இரண்டு வருடம்' என்று சொல்லப்படும் அசோசியேட் பட்டம் படித்தவரும் அதைத்தான் எழுதுகிறார். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்து பி.எஸ்.என். என்ற இளங்கலைப் பட்டம் வாங்கியவரும் அதைத்தான் எழுதுகிறார். தேறினால் கையில் வரும் உரிமம் ஒன்று. நள்ளிரவில் நோயாளிக்கு மூச்சு நின்றால் இருவரும் ஓட வேண்டிய வேகமும் ஒன்று.

வேலை விளம்பரம் மட்டும் ஒன்றில்லை. 'பி.எஸ்.என். இருந்தால் முன்னுரிமை' என்கிறது ஒரு மருத்துவமனை. 'கட்டாயம்' என்கிறது அடுத்தது. 'இன்றைக்கு இல்லாவிட்டால் பரவாயில்லை, ஐந்து வருடத்தில் வாங்கிவிடுவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடு' என்கிறது மூன்றாவது.

நியாயம்தான். மேற்படிப்பு நல்லது. யார் வேண்டாம் என்றார்கள்? அந்த நர்ஸ் கேட்பது ஒரே கேள்வி: எங்கே படிப்பது? ஏற்கெனவே படித்த அதே கல்லூரியில், அதே ஆசிரியர்களிடம், வீட்டுக்குப் பக்கத்தில் மீதியையும் முடிக்கலாமா?

கூடாது. கலிஃபோர்னியா சட்டம் அனுமதிக்காது.

இதைக் கேட்டு உங்களுக்கு ஆச்சரியம் வந்திருக்காது. அரசாங்கம், பல்கலைக்கழகம், மருத்துவமனை மூன்றும் ஒரே மேஜையில் உட்கார்ந்து 'உதவி' என்று பேசினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்.

முதலில் 'இரண்டு வருடப் படிப்பு' என்ற அந்தப் பொய்யை முடித்துவிடுவோம். கம்யூனிட்டி காலேஜ் நர்ஸிங் இரண்டு வருடம் என்று துண்டுப் பிரசுரத்தில்தான் இருக்கிறது. நர்ஸிங்கில் சேருவதற்கு முன்பே உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல் என்று ஒரு வரிசை முடிக்க வேண்டும். அதற்கே ஒரு வருடம், சிலருக்கு இரண்டு. முடித்தால் இடம் உண்டா? வரிசையில் நில். சில கல்லூரிகளில் குலுக்கல். ஆம், குலுக்கல்தான். வரிசையில் நிற்கும்போதே பழைய பாடங்கள் காலாவதியாகிவிடும். ஐந்து அல்லது ஏழு வருடத்துக்கு முன் படித்த உடற்கூறியல் செல்லாது என்று பல இடங்களில் விதி. இடைப்பட்ட காலத்தில் மனிதனுக்குப் புது எலும்பு ஏதும் முளைத்ததாகத் தகவல் இல்லை.

இத்தனையும் தாண்டி உரிமம் வாங்கி, வார்டில் எட்டு வருடம் வேலை பார்த்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இவரைப் போல அந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஜூன் மாதம் புதிதாக ஒரு பட்டதாரி நர்ஸ் வருகிறார். கழுத்தில் பளபளவென்று அட்டை. பெயருக்குக் கீழே பி.எஸ்.என். அவருக்கு வேலை பழக்க வேண்டியவர் யார்? நம் எட்டு வருடக்காரர். ஊசி எந்த நரம்பில் ஏறும், எந்த டாக்டரை மூன்று மணிக்கு எழுப்பினால் திட்டுவார், எந்த நோயாளி 'ஒன்றுமில்லை' என்றால் உடனே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் எல்லாம் இவர்தான் சொல்லித்தர வேண்டும். மூன்று மாதம் பழக்கியாகிவிட்டது. வார்டுக்குப் பொறுப்பாளர் பதவி காலியாகிறது. விண்ணப்பிக்கத் தகுதி யாருக்கு? கழுத்தில் மூன்று எழுத்து கூடுதலாக வைத்திருப்பவருக்கு. பழக்கியவருக்கு ஒரு நன்றிக் கடிதம். அதில் அவர் பெயரைச் சரியாக எழுதியிருந்தால் அது போனஸ்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஒரு ஆராய்ச்சியைக் காட்டுவார்கள். காட்டட்டும். அது உண்மையான ஆராய்ச்சிதான். 2003ல் ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு ஜமா மருத்துவ இதழில் வெளியிட்டது. பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகள், இரண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை நோயாளிகள். பட்டதாரி நர்ஸ்களின் பங்கு பத்து சதவீதம் கூடும் இடத்தில் நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு ஐந்து சதவீதம் குறைவாக இருந்தது. அதன் பிறகு நர்ஸிங் கல்வி பற்றிய எந்த மாநாட்டிலும் இந்தக் கணக்கைச் சொல்லாமல் மைக்கை யாரும் கீழே வைப்பதில்லை.

சரி, ஒப்புக்கொள்வோம். பட்டம் உயிரைக் காப்பாற்றுகிறது. அப்படியானால் அந்தப் பட்டத்தைக் குறைந்த செலவில், பக்கத்து ஊரில், வேலையை விடாமல் படிக்க முடியாதபடி தடுப்பவனுக்கு என்ன பெயர்? பட்டம் உயிரைக் காப்பாற்றவில்லை என்றால், அதைக் கேட்டு வாங்கும் மருத்துவமனைக்கு என்ன பெயர்? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தாதீர்கள்.

இந்தக் கூத்துக்கு வயது எழுபதுக்கு மேல். 1951ல் மில்ட்ரெட் மான்டாக் என்ற பெண்மணி கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் ஒரு முனைவர் ஆய்வு எழுதினார். போருக்குப் பிறகு நர்ஸ் பஞ்சம். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடத்தில் நர்ஸ்களை உருவாக்கலாம் என்றார். அடுத்த வருடமே ஏழு கல்லூரிகளில் சோதித்துப் பார்த்தார்கள். ஓடியது. நன்றாகவே ஓடியது. நாடு முழுவதும் பரவியது. குடும்பஸ்தர்கள், நடுவயதுக்காரர்கள், குடியேறியவர்களின் பிள்ளைகள் எல்லோரும் அந்த வாசல் வழியாக வெள்ளைச் சீருடைக்குள் வந்தார்கள்.

1965ல் அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. தொழில்முறை நர்ஸ் என்றால் நான்கு வருடப் பட்டம் வேண்டும், மற்றவர்கள் 'தொழில்நுட்ப' நர்ஸ்கள். அப்போது மனிதன் நிலவில் கால் வைக்க இன்னும் நாலு வருடம் பாக்கி. போனான், கல் பொறுக்கினான், திரும்பியும் வந்துவிட்டான். கம்யூனிட்டி காலேஜில் வாங்கிய கிரெடிட்டை எதிர்த் தெருப் பல்கலைக்கழகத்துக்குச் சேதாரமில்லாமல் கொண்டுபோவது மட்டும் இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது.

நார்த் டகோட்டா மாநிலம் மட்டும் சொன்னதைச் செய்து பார்த்தது. 1987ல் பதிவுபெற்ற நர்ஸுக்குப் பட்டம் கட்டாயம் என்றது. 2003ல் அதையும் வாபஸ் வாங்கியது. 2010ல் மருத்துவ நிறுவனம் என்ற தேசிய அமைப்பு ஒரு தடிமனான அறிக்கை போட்டது: 2020க்குள் எண்பது சதவீத நர்ஸ்கள் பட்டதாரிகளாக இருக்க வேண்டும். பத்து வருடம் கருத்தரங்கு, குழு, துணைக்குழு. 2020 வந்தது. எண்பது வரவில்லை. கொரோனா வந்தது.

அந்த வசந்தத்தில் நியூயார்க் மாலை ஏழு மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கை தட்டியது. சட்டி பானை தட்டியது. சாகக் கிடந்தவர்களின் வாயில் குழாய் செருகும்போது பக்கத்தில் நின்றவரிடம் யாரும் 'நீங்கள் இரண்டு வருடமா, நாலு வருடமா?' என்று கேட்கவில்லை. தட்டிய கை ஓய்ந்ததும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த மாநிலத்தில்தான் 2017 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் இருக்கிறது: புதிதாக உரிமம் வாங்கும் நர்ஸ் பத்து வருடத்துக்குள் இளங்கலைப் பட்டம் முடித்தாக வேண்டும்.

இனி கலிஃபோர்னியா. இதற்குச் சற்று நின்று மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அங்கே கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். எண்பது யூனிட் படித்தாலும் 3,680 டாலர். உலகின் பணக்கார நாட்டில் இப்படியும் ஒரு நல்ல காரியம் மிச்சமிருக்கிறது. 2021ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கம்யூனிட்டி காலேஜ்களும் இளங்கலைப் பட்டம் தரலாம், வருடத்துக்கு முப்பது புதுப் படிப்பு வரை. கைதட்டல். அடியில் ஒரு வரி: மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே இருக்கும் படிப்பாக இருக்கக் கூடாது.

நர்ஸிங் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. எனவே நர்ஸிங் கூடாது. ஆள் தட்டுப்பாடு எங்கே கழுத்தை நெரிக்கிறதோ அந்தப் படிப்பு மட்டும் கூடாது. ஒரே தெருவில் மூன்று ஸ்டார்பக்ஸ் இருந்தால் வளர்ச்சி. ஒரே ஊரில் இரண்டு நர்ஸிங் பட்டம் இருந்தால் வீண் இரட்டிப்பு.

ஒரே ஊரில் இருந்தால்தானே அந்தப் பேச்சும்? வடக்கே ரெட்டிங் என்றொரு நகரம். கம்யூனிட்டி காலேஜ் உண்டு, அதில் நர்ஸிங்கும் உண்டு. அதற்குப் பக்கத்தில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகம் சிக்கோவில். சுமார் 70 மைல். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், பக்கம் என்றால் என்னவென்று தெரியும்.

2024ல் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலருக்கு இது உறைத்தது. இரண்டு மசோதாக்கள் வந்தன. பெரிய புரட்சி ஒன்றும் கேட்கவில்லை. அதிகபட்சம் பத்து கம்யூனிட்டி காலேஜ் மாவட்டங்களில் சோதனை முறையில் நர்ஸிங் இளங்கலைப் பட்டம். பத்தே பத்து. அதுவும் சோதனை. மாநிலப் பல்கலைக்கழக நிர்வாகம் எதிர்த்தது. தனியார் கல்லூரிகளின் சங்கமும் எதிர்த்தது. மற்ற விஷயங்களில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள் இதில் தோளோடு தோள் நின்றார்கள். ஏழைக்கு எதிரான ஒற்றுமையைப் போல இறுக்கமான ஒற்றுமை வேறில்லை.

அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, மருத்துவமனைகளில் பயிற்சி இடம் குறைவு. நல்ல காரணம். ஆனால் இந்த மாணவர்கள் பயிற்சி முடித்தவர்கள், அல்லது முடித்துக்கொண்டிருப்பவர்கள். பலர் அதே மருத்துவமனையில் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்கள் படிக்க வேண்டிய மிச்சம் புள்ளியியல், சமூக நலவாழ்வு, தலைமைப் பண்பு, ஆராய்ச்சி முறை. புள்ளியியல் படிக்க எந்த நோயாளியின் கட்டில் வேண்டும்?

இரு அவைகளிலும் மசோதாக்கள் நிறைவேறின. 2024 செப்டம்பரில் ஆளுநர் கேவின் நியூசம் இரண்டையும் வீட்டோ செய்தார். கல்வி நிறுவனங்களுக்குள் இருக்கும் ஒத்துழைப்பு கெட்டுவிடுமாம். ஏற்கெனவே கொடுத்த அதிகாரத்தின் விளைவைப் பார்க்கச் சற்று நிதானிக்க வேண்டுமாம். நிதானிக்கலாம். அறுபது வருடமாக அதைத்தானே செய்கிறோம். நிதானிக்க முடியாத ஒரே ஆள் வார்டில் இருக்கிறார். ஐந்து நோயாளிகளின் மருந்து நேரம் ஒன்பது மணி, அவருக்கு வீட்டோ அதிகாரமும் இல்லை.

கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஒப்பந்தங்கள் உண்டு, மறுக்கவில்லை. கம்யூனிட்டி காலேஜில் படிக்கும்போதே பட்டப் பாடத்தையும் சேர்த்துப் படிக்கும் ஏற்பாடு சில இடங்களில் நன்றாக நடக்கிறது. பக்கத்தில் மனமுள்ள பல்கலைக்கழகம் இருந்தால் நடக்கிறது. ஒரு மாணவியின் எதிர்காலம் இரண்டு டீன்களுக்குள் இருக்கும் நட்பைப் பொறுத்தது என்றால், அதற்குக் கல்விக் கொள்கை என்று பெயர் வைக்க வெட்கமாக இல்லையா?

பக்கத்தில் கதவு மூடினால் ஆன்லைனில் திறக்கும். அங்கே வரவேற்புக்குக் குறைவில்லை. நெடுஞ்சாலையில் வேறு வழியே இல்லாத இடமாகப் பார்த்துக் கட்டிய சுங்கச்சாவடி போல வரிசையாக இருக்கின்றன, நர்ஸுக்குப் பட்டம் தரும் இணைய வகுப்புகள். எல்லாம் மோசமில்லை. சில லாப நோக்கமில்லாதவை, சில மலிவு. மற்றவற்றில் என்ன நடக்கிறது என்று அங்கே படித்த யாரையாவது கேளுங்கள்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். விடியற்காலையில் ஒருவர் கையைப் பிடித்தபடி செத்துப்போனார். உடலைத் துடைத்து, குடும்பத்துக்குச் சொல்லி, தாள்களை நிரப்பிவிட்டு வீடு வந்து மடிக்கணினியைத் திறக்கிறார் நம் எட்டு வருடக்காரர். இந்த வார விவாதத் தலைப்பு: 'பரிவு என்றால் என்ன? 250 சொற்களில் எழுதுக. இரண்டு மேற்கோள் நூல்கள் தேவை.' பிறகு உடன் படிக்கும் இருவரின் பதிவுக்கு மறுமொழி. 'உங்கள் கருத்து மிக ஆழமானது' என்று தட்டிவிட்டு, தலைப்பக்கத்தில் ஓரம் சரியாக ஒரு அங்குலம் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மதிப்பெண் போகும். பரிவுக்கு அல்ல, ஓரத்துக்கு.

கட்டணத்தை மருத்துவமனை திருப்பித் தருமே என்பார்கள். தரும். பல இடங்களில் வருடத்துக்கு 5,250 டாலரோடு நிறுத்திக்கொள்ளும். ஏன் அந்தத் தொகை? வரிவிலக்கு வரம்பு அது. 1986ல் வைத்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அந்த எண் அசையவே இல்லை. கல்லூரிக் கட்டணம் எங்கே போயிற்று என்று உங்களுக்கே தெரியும். சும்மாவும் தருவதில்லை. 'பட்டம் முடித்தபின் இத்தனை வருடம் இங்கேதான் இருப்பேன்' என்ற ஒப்பந்தத்தோடு தருவார்கள். நடுவில் போனால் திருப்பிக் கட்டு. நம்மூரில் இதற்குக் கொத்தடிமை என்று ஒரு பழைய பெயர் இருந்தது. அங்கே சலுகை என்கிறார்கள்.

இன்னொரு பக்கம், படிக்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும் வேலை மும்முரமாக நடக்கிறது. அமெரிக்க நர்ஸிங் கல்லூரிகள் சங்கத்தின் கணக்கு: 2023ல் மட்டும் தகுதியுள்ள 65,766 விண்ணப்பங்கள் பட்டப் படிப்பிலும் மேற்படிப்பிலும் இடம் இல்லாமல் திரும்பின. விண்ணப்பம்தான், ஆள் அல்ல. ஒருவரே நாலு இடத்தில் போட்டிருக்கலாம். சரி, நாலால் வகுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பதினாறாயிரம் பேர். ஏன் இடமில்லை? ஆசிரியர் இல்லை. ஏன் ஆசிரியர் இல்லை? பாடம் நடத்த முதுகலைப் பட்டம் வேண்டும், ஆனால் நடத்தினால் வார்டில் வாங்குவதைவிடச் சம்பளம் குறைவு. முதுகலை படிக்க முதலில் இளங்கலை வேண்டும். இளங்கலைக்கு இடமில்லை, ஏனென்றால் ஆசிரியர் இல்லை. இந்த வட்டத்தை உடைக்க ஒரு குழு அமைத்திருப்பார்கள். குழுவின் பரிந்துரை, இன்னொரு குழு.

உள்ளூர்ப் பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டு, மணிலாவிலும் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆள் தேடுவார்கள். இங்கே ஜி.என்.எம். முடித்துவிட்டு, போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.க்கு வீட்டு நகையை அடகு வைத்தவர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. அங்கே டாலரில் நடக்கிறது, அவ்வளவுதான்.

வாசலை இப்படி இறுக்கி வைத்தால் பக்கத்துச் சந்தில் கடை திறக்கும். திறந்தது. 2023 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை ஒரு மோசடியை அறிவித்தது. தெற்கு ஃபுளோரிடாவில் மூன்று நர்ஸிங் பள்ளிகளின் பெயரில் 7,600க்கும் மேற்பட்ட போலிப் பட்டயங்களும் மதிப்பெண் பட்டியல்களும் விற்றிருக்கிறார்கள். 25 பேர் மீது வழக்கு. ஒரு காகிதம் பத்தாயிரம் டாலருக்கு மேல். குற்றம்தான், மன்னிக்க முடியாத குற்றம். வாங்கியவர் கையில் நம் அம்மாவின் உயிர் இருந்திருக்கும். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். சில அசல் இணையப் பட்டங்களின் விலையும் அதே வட்டாரம்தான். அசலில் கூடுதலாக ஓரத்தை அளக்க வேண்டும்.

செய்யவே முடியாத காரியமா இது? அதே ஃபுளோரிடா 2001லேயே சட்டம் போட்டு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஜூனியர் காலேஜுக்கு இளங்கலைப் பட்டம் தரும் உரிமை கொடுத்தது. நர்ஸிங்கும் அதில் சேர்த்தி. வாஷிங்டன் மாநிலக் கம்யூனிட்டி காலேஜ்களில் இன்று நர்ஸிங் இளங்கலை உண்டு. டெக்சஸ் 2017ல் அனுமதித்தது. பக்கத்துப் பல்கலைக்கழகம் எதுவும் பட்டினியால் செத்ததாகச் செய்தி இல்லை. நியூ மெக்சிகோவில் இன்னும் எளிமை: மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம். கம்யூனிட்டி காலேஜில் உட்கார்ந்தபடியே பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் பதிவு செய்துகொள்ளலாம். சொந்த ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. ஒரெகன் மாநிலமும் கல்லூரிகளையும் பல்கலைக்கழகத்தையும் ஒரே பாடத்திட்டத்தில் கட்டியது. ராக்கெட் விட்டார்களா? இல்லை. ஒரு அறையில் உட்கார்ந்து, உன் பாடமும் என் பாடமும் ஒன்று என்று ஒப்புக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவில் அதற்குத்தான் ஒத்துழைப்பு கெட்டுவிடும் என்கிறார்கள்.

வருடா வருடம் மே 6 அங்கே செவிலியர் வாரம் தொடங்கும். மருத்துவமனை வாசலில் பதாகை தொங்கும். ஆளுநர் மாளிகையிலிருந்து வாழ்த்து அறிக்கை வரும். ஓய்வறையில் ஆறிப்போன பீட்சா இருக்கும், ஆளுக்கு ஒரு துண்டு, இரவு ஷிப்டுக்கு அதுவும் மிஞ்சாது. ஐயா, பீட்சாவை நீங்களே சாப்பிடுங்கள். பத்து மாவட்டத்துக்கான அந்த மசோதா மறுபடி மேஜைக்கு வரும்போது கையெழுத்தைப் போடுங்கள்.